கல்லீரலை எப்படிக் கேட்பது?

அதுவரை நான் பிறரிடம் கேட்டவையெல்லாம் சிறியவை: அவசரத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் கைமாற்று, காய்ச்சலில் படுத்த நாளில் என் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி சக ஆசிரியையிடம் ஓர் உதவி, அவ்வளவுதான். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர், மாற்றுக் கல்லீரல் பொருத்துவதைத் தவிர இனி வேறு வழியில்லை என்றும், உறவினர் ஒருவர் தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வந்தால் நல்லது என்றும் சொன்னபோது, நோயைப் பற்றிய பயத்தைவிட, இதை ஒரு மனிதரிடம் எந்த வாயால் கேட்பது என்ற கூச்சமே என்னை அதிகம் அழுத்தியது. அந்தக் கூச்சத்தோடு நான் செய்த தவறுகளையும், பிறகு கற்றுக்கொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

நான் சேலத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. என் கணவர் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். நான் பிறந்தது ஏற்காடு மலையில், நாகலூர்ப் பக்கம். அப்பா விட்டுச்சென்ற சில ஏக்கர் காப்பித் தோட்டத்தையும், அதன் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளையும் தம்பி பார்த்துக்கொள்கிறான். மதுவை நான் தொட்டதில்லை. ஆனாலும் கல்லீரல் நோய் என்று சொன்ன மாத்திரத்தில் எதிரிலிருப்பவர் கண்ணில் ஒரு சந்தேகம் தோன்றி மறைவதை ஐந்தாண்டுகள் பார்த்துவிட்டேன். பெண் என்பதால் அந்தச் சந்தேகம் என் கணவர் பக்கம் திரும்பும். கவலையில் குடிப்பவர் அவர், அதனால் நோயில் விழுந்தவள் நான் என்று ஒரு கதையைக்கூட எங்கள் தெருவில் கட்டிவிட்டார்கள். எனக்கிருந்தது ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் கல்லீரலைப் பகையென்று எண்ணித் தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது.

2018-இல் கண் மஞ்சளானபோது, எங்கள் வீட்டில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். மூன்று நாள் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்து மோரில் குடித்தேன். உப்பில்லாப் பத்தியம் இருந்தேன். மஞ்சள் சற்று இறங்கியதும் மருந்து வேலை செய்துவிட்டது என்று நம்பினேன். உயிரியல் சொல்லிக்கொடுப்பவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: மஞ்சள் காமாலை என்பது நோயின் பெயரன்று, பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அடையாளம். அசுத்தமான நீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அப்படித் தணியும்போது எது வயிற்றில் இருந்ததோ அதற்கு நற்பெயர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. என் நோய் தானாகத் தணிகிற வகை அல்ல. ஏறி இறங்கி ஏறிக்கொண்டிருந்த மஞ்சளோடு நான் எட்டு மாதங்களைக் கழித்த பிறகே இரத்தப் பரிசோதனையும் கல்லீரல் திசுப் பரிசோதனையும் செய்துகொண்டேன். அதற்குள் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கத் தொடங்கியிருந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பிரெட்னிசோலோனும் அசதையோபிரினும் இரண்டாண்டுகள் அதைத் தாங்கிப் பிடித்தன. தொடக்கத்திலேயே அவற்றைக் கொடுத்திருந்தால் இன்னும் பல ஆண்டுகள் தாங்கியிருக்கும் என்பது மருத்துவர் வாய்விட்டுச் சொல்லாமல் எனக்குப் புரிந்த செய்தி.

2021-இல் வயிற்றில் நீர் கோத்தது. அன்றிலிருந்து உப்புதான் என் முதல் எதிரி. நாளொன்றுக்கு எல்லா உணவையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராம் உப்புக்கு மேல் கூடாது என்றார்கள். சாம்பாரில் உப்பைக் குறைப்பது எளிது. அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், ரொட்டி, பிஸ்கட் ஆகியவற்றில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பள்ளி விட்டு வரும் வழியில் தட்டுவடை செட் தின்னாத சேலத்துக்காரர் குறைவு. அந்தத் தள்ளுவண்டியைக் கடந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகினேன். இந்துப்பு சேர்க்கலாம், அது வேறு என்று சொன்னவர்கள் பலர். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், உடம்பில் நீரைத் தேக்கும் வேலையை அதுவும் செய்யும். கடைகளில் விற்கும் குறைந்த சோடிய உப்பு வேறு வகையில் ஆபத்தானது. அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். நீர் பிரிவதற்காக நாங்கள் உண்ணும் ஸ்பைரோனோலாக்டோன் ஏற்கெனவே இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

உப்பைக் குறைக்கச் சொன்னால் நம் மக்கள் உணவையே குறைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். உறவினர் வரும்போதெல்லாம் கல்லீரலுக்குக் குளிர்ச்சி என்று ஜவ்வரிசிக் கஞ்சி கொண்டுவருவார்கள். சேலத்து ஜவ்வரிசியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து, அதில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். இந்த நோயில் உடம்பு தன் தசையையே தின்று பிழைக்கிறது. கை, தொடை மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய தோற்றம் அதனால்தான் வருகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்றும், இரவு படுக்குமுன் கட்டாயம் ஏதேனும் உண்ண வேண்டும் என்றும் உணவியல் நிபுணர் சொன்னார். இரவு பத்து மணிக்கு ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழும் பாலும், காலையில் முட்டை, மாலையில் உப்பில்லாமல் வேகவைத்த பயறு என்று மாற்றிக்கொண்டேன். தேநீர், காப்பி கூடாது என்று ஊரே தடுத்தபோது, காப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பேறுவது குறைவாகக் காணப்படுகிறது, பால் காப்பியை நிறுத்த வேண்டாம் என்று மருத்துவர் சொன்னது, காப்பித் தோட்டத்தில் பிறந்த எனக்கு அந்த ஆண்டில் கிடைத்த ஒரே நல்ல செய்தி.

வயிற்று நீரையும் உடல் மெலிவையும்விட அஞ்சத்தக்கது மனம் மங்குவது. கல்லீரல் வடிகட்டாமல் விடும் நச்சுப் பொருள்கள் மூளையைத் தொடுகின்றன. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு என்று அது தொடங்கியது. பிறகு ஒருநாள் பத்தாம் வகுப்பில் இதயத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்தபோது வலமும் இடமும் எனக்கே குழம்பின. மாணவி ஒருத்தி மெல்ல எழுந்து, 'டீச்சர், மாறியிருக்கு' என்றாள். நோயாளிக்குத் தன் மனம் மங்குவது தெரியாது என்பதே இதிலுள்ள கொடுமை. ஆகவே மருத்துவர் சொன்னபடி, தினமும் காலையில் ஒரு நோட்டில் தேதியிட்டு, கையொப்பமிட்டு, ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று வரையும்படி என் மகன் என்னை உட்காரவைத்தான். நட்சத்திரம் கோணியிருந்தால் அன்று லாக்டுலோஸ் என்னும் மலமிளக்கி மருந்து குறைந்திருக்கிறது அல்லது மலம் போகவில்லை என்று பொருள். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிய மலம் போக வேண்டும் என்பது அந்த மருந்தின் கணக்கு. வெளியே போகும் நாளில் கூச்சப்பட்டு அதைத் தவிர்த்துவிட்டு, மறுநாள் பேருந்தில் இறங்க வேண்டிய இடம் தெரியாமல் கொண்டலாம்பட்டி வரை போய்விட்டவள் நான்.

2022 ஆடியில், கோட்டை மாரியம்மன் திருவிழாவின் மேளச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஓர் இரவில், நான் இரத்த வாந்தி எடுத்தேன். அதற்கு இரண்டு நாள் முன்பே மலம் தார் போலக் கறுத்திருந்தது. இரும்புச்சத்து மாத்திரையால் என்று நானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டேன். சுருங்கிய கல்லீரலுக்குள் இரத்தம் நுழைய முடியாமல் உணவுக்குழாயின் இரத்தக் குழாய்கள் புடைத்து வெடிப்பதால் வருவது அது. 108 வண்டியில் கொண்டுபோய், எண்டோஸ்கோப்பி வழியாக வளையம் போட்டு நிறுத்தினார்கள். கறுத்த மலம் கண்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது என்பதை இந்த நோய் உள்ள ஒவ்வொருவர் வீட்டிலும் எழுதி ஒட்டிவைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த இரத்தப்போக்குக்குப் பிறகுதான் கோயம்புத்தூர் போனோம். பிலிருபின், இரத்தம் உறையும் நேரத்தைக் குறிக்கும் ஐ.என்.ஆர்., கிரியாட்டினின், சோடியம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும், கல்லீரல் நோயின் கடுமையைக் காட்டும் மெல்டு மதிப்பெண் ஒன்று உண்டு. 6-இல் தொடங்கி 40 வரை போகும். எனக்கு 24 வந்தது. இறந்தவரின் உறுப்புக்காகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலில் மருத்துவமனை வழியாகப் பெயரைப் பதிந்துகொண்டோம். மூளைச்சாவு அடைந்தவர் குடும்பம் மனமிரங்கி, இரத்த வகையும் அளவும் பொருந்தி, என் முறையும் வரும்வரை என் உடல் தாக்குப்பிடிக்குமா என்பது எவராலும் சொல்ல முடியாதது. ஆகவே பட்டியலில் பெயர் இருக்கட்டும், உயிருள்ள கொடையாளரையும் தேடுங்கள் என்றார்கள். கல்லீரலை இப்படிப் பகிர முடிவதற்குக் காரணம் அது வளர்வது. வெட்டிக் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் சில மாதங்களில் தேவையான அளவு வளர்ந்துவிடும். 1998-இல் டெல்லியில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தந்தையின் கல்லீரல் பகுதியைப் பொருத்தியதுதான் இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி கண்ட முதல் கல்லீரல் மாற்று. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவரானார் என்பதை அங்கிருந்த செவிலியர் எனக்குச் சொன்னார்.

வீடு திரும்பும் வழியில், அவிநாசியைத் தாண்டுவதற்குள், நான் தம்பிக்குத் தொலைபேசியில் பேசிவிட்டேன். 'உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள், தம்பி' என்றேன். 'சரி அக்கா, எப்போது வரவேண்டும்' என்று அவன் மறுநொடியே சொன்னான். அன்று நான் அழுதது நன்றியால். இன்று நினைத்துப் பார்க்கும்போது அந்த மறுநொடிதான் என்னை உறுத்துகிறது. அவன் யோசிப்பதற்கு ஒரு நொடியைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. உன்னைத் தவிர யார் என்று கேட்கப்பட்டவன் முடியாது என்று எப்படிச் சொல்வான்?

அவன் இரத்த வகை ஏ, எனக்கும் ஏ. கல்லீரலைப் பொறுத்தவரை பாசிட்டிவ், நெகட்டிவ் வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஏ-க்கு ஏ அல்லது ஓ, பி-க்கு பி அல்லது ஓ, ஓ-வுக்கு ஓ மட்டும், ஏபி-க்கு எவரும் என்பதே கணக்கு. இரத்த வகைக்குப் பிறகு ஒவ்வொரு படியாகப் பரிசோதனைகள் நடக்கும்: தொற்று நோய்கள், சர்க்கரை, இதயம், கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு, சி.டி. ஸ்கேனில் கல்லீரலின் கன அளவும் இரத்தக் குழாய்களின் அமைப்பும், எம்.ஆர். ஸ்கேனில் பித்தக் குழாய்கள், கடைசியில் மனநல மருத்துவரோடு தனியாக ஓர் உரையாடல். கொடுத்தபின் கொடையாளரிடம் குறைந்தது 30 முதல் 35 விழுக்காடு கல்லீரல் மிஞ்ச வேண்டும். பெறுபவருக்குத் தம் எடையில் ஏறத்தாழ 0.8 விழுக்காடாவது வேண்டும். வயிற்று நீரைக் கழித்து 52 கிலோ இருந்த எனக்கு 420 கிராம். சந்தைத் தராசில் நிறுக்கும் எடையாக அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

நான்காவது பரிசோதனைக்கு முந்தைய நாள் இரவு தம்பி மனைவி பேசினாள். 'அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த மலையிலே ரெண்டு பொம்பளப் புள்ளைகளோட நான் என்ன பண்ணுவேன்?' அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கல்லீரலின் வலது பாகம் கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை உயிரிழக்க நேரிடலாம் என்று மருத்துவர் எங்களிடம் மறைக்காமல் சொல்லியிருந்தார். ஆயிரத்தில் ஐந்து என்பது எனக்குச் சிறிய எண்ணாகத் தெரிந்தது. அவளுக்கு அது கணவன். ஒரு வாரம் கழித்து, உங்கள் தம்பி மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை என்று மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள். வேறு விளக்கம் தரவில்லை.

பிறகுதான் ஒரு செய்தியை அறிந்தேன். கொடையாளர் கடைசி நிமிடம் வரை, மயக்க மருந்து ஏறும் வரை, பின்வாங்கலாம்; அப்படிப் பின்வாங்கினால் காரணத்தைக் குடும்பத்தாரிடம் சொல்லாமல், பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லி அவரைக் காப்பது நல்ல மருத்துவக் குழுக்களின் வழக்கம். தம்பியின் ஸ்கேனில் உண்மையிலேயே ஏதேனும் இருந்ததா, அல்லது அந்தத் தனியறை உரையாடலில் அவன் வாய்திறந்தானா என்பது எனக்குத் தெரியாது. கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். முதல் இரண்டு மாதங்கள் அந்த முடிவு வெறும் வீம்பாகத்தான் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவன் பேச அழைத்தால் கைப்பேசியை மகனிடம் கொடுத்துவிடுவேன்.

மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் என்னைவிட இளையவர், ஆனால் இந்தக் கலையைக் கரைத்துக் குடித்தவர். 'நீங்கள் யாரிடமும் கேட்காதீர்கள், அம்மா. நிலைமையை எல்லோரிடமும் சொல்லுங்கள். சந்தேகம் கேட்டு வருபவரை எங்கள் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்' என்றார். அதன்படி ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். நோயின் பெயர், இப்போதைய நிலை, எந்த இரத்த வகையினர் பொருந்துவர், 18 வயதுக்கு மேல் ஏறத்தாழ 50 வயது வரையுள்ளவராக இருக்க வேண்டும் என்பது, கொடையாளருக்குள்ள ஆபத்து எவ்வளவு, எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது, செலவு முழுவதும் எங்களுடையது என்பது ஆகியவற்றை எழுதி, கடைசி வரியாக, இதைப் படித்துவிட்டு எதுவும் சொல்லாதிருப்பவர்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இராது என்று சேர்த்தேன். அந்த வரியை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது, அது அப்போது முழு உண்மையாக இல்லாததால். கடிதத்தை உறவினர்களிடம் கொடுத்துப் பேசியவர் என் கணவர். நான் அறையில் இல்லாதபோது மட்டுமே பேச வேண்டும் என்று ஏற்பாடு. மெலிந்த கையோடும் மஞ்சள் கண்ணோடும் நோயாளி எதிரில் உட்கார்ந்திருந்தால், அவர் வாய் திறக்காவிட்டாலும் அது வற்புறுத்தல்தான்.

கடிதத்துக்கு வந்த ஒரே பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆண்டுக்கொருமுறை கல்யாண வீடுகளில் மட்டும் பார்க்கும் என் பெரியப்பா மகள், ஓ வகை, தானாகவே ஒருங்கிணைப்பாளரிடம் பேசியிருக்கிறாள். மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நெருங்கிய உறவாக ஏற்பது கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், 2011-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாத்தா பாட்டி, பேரன் பேத்தி ஆகியோரை மட்டுமே. பெரியப்பா மகள் நமக்கு அக்காதான், சட்டத்துக்கு அல்ல. உறுப்புக் கொடைக்கு ஒப்புதல் தரும் அங்கீகாரக் குழுவின் முன் பாசத்தை ஆவணங்களால் நிரூபிக்க வேண்டும். அதற்குள் ஸ்கேனில் அவள் கல்லீரலின் குழாய் அமைப்பு பிரித்தெடுக்க ஏற்றதாக இல்லை என்று தெரிந்தது. மருத்துவமனை வாசலில் ஒருவர் என் கணவரை ஓரமாக அழைத்து, ஆள் ஏற்பாடு செய்யலாம் என்று ஒரு தொகை சொன்னதும் அந்த வாரத்தில்தான். உறுப்பை விலைக்கு வாங்குவதும் விற்பதும் தரகு செய்வதும் ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறைக்கும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றங்கள். என் கணவர் சட்டம் பேசவில்லை. 'என் பொண்டாட்டி இன்னொருத்தன் வறுமையை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு எப்படிங்க பாடம் நடத்துவா?' என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

மகனுக்கு அப்போது 19 வயது. கல்லூரியில் இரத்ததானம் செய்தவன். வகை ஓ என்பது அவன் அட்டையிலேயே இருந்தது. எனக்குத் தெரியாமல் முதற்கட்டப் பரிசோதனைக்குப் போய்விட்டான். நான் வேண்டவே வேண்டாம் என்றேன்; மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. கொடுப்பவரின் சம்மதம் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு எழுதும் நான், சுதந்திரமாகக் கொடுக்க வந்தவனைத் தடுத்தேன் என்பது முரண்தான். அதற்கு என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. பெறுபவருக்கும் மறுக்கும் உரிமை உண்டு என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

புறநோயாளிப் பிரிவில் வாரக்கணக்கில் காத்திருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளிகளில் பெரும்பாலோர் ஆண்கள். பக்கத்தில் கோப்புகளோடு நிற்கும் கொடையாளர்களில் பெரும்பாலோர் மனைவியர், தாய்மார், அக்கா தங்கையர். நாடு முழுவதுமே உயிருள்ள கொடையாளர்களில் பெண்கள்தாம் மிகுதி. என்னைப் பார்த்து, வீட்டுக்காரருக்குக் கொடுக்க வந்தீர்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள். என் கணவர் முதல் நாளே தயார் என்றவர், ஆனால் அவர் இரத்த வகை பி. வகை பொருந்தாத கல்லீரலையும் முன்கூட்டியே மருந்து கொடுத்து, எதிர்ப்பொருளை வடித்தெடுத்துப் பொருத்த முடியும். அதற்குச் செலவும் தொற்று அபாயமும் கூடுதல். அப்போதுதான் ஒருங்கிணைப்பாளர் இடமாற்றுக் கொடை என்ற வழியைச் சொன்னார். தர்மபுரிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு பி வகை. அவருக்குக் கொடுக்க முன்வந்த மனைவிக்கு ஏ வகை. அந்த அம்மாள் எனக்கும், என் கணவர் அந்த விவசாயிக்கும் கொடுத்தால் இரண்டு குடும்பமும் பிழைக்கும். 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை அனுமதிக்கிறது. ஒவ்வொரு இணையும் தமக்குள் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும், அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும், பணம் கைமாறக் கூடாது. இரத்த வகை பொருந்தாததால் மனம் தளர்ந்திருக்கும் தம்பதியர், தங்கள் மருத்துவமனையில் இப்படி ஓர் இணைப் பட்டியல் இருக்கிறதா என்று முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும். நாங்கள் ஏழு மாதம் கழித்தே கேட்டோம்.

கணவரின் கல்லீரலிலும் சற்றுக் கொழுப்பு இருந்தது. பத்து வாரம், விடியற்காலையில் நடை, இரவில் கோதுமை ரவைக் கஞ்சி, பட்டறையில் மாலை நேரத்து வடைக்குத் தடை என்று ஆறு கிலோ குறைத்தார். மறு ஸ்கேனில் கல்லீரல் தெளிந்திருந்தது. எடை குறைத்தால் கொடையாளராகலாம் என்று யாரையேனும் திருப்பி அனுப்பினால் அதை மறுப்பு என்று கொள்ளக் கூடாது.

ஆவணங்களுக்கு அலைந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் திருமணம் 2002-இல் நடந்தது. தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமானது 2009-இல்தான் என்பதால் நாங்கள் பதிவு செய்யவேயில்லை. கணவன் மனைவி என்பதற்கு அழைப்பிதழ், கல்யாணப் புகைப்படம், குடும்ப அட்டை, மகனின் பிறப்புச் சான்று எல்லாம் தேவைப்பட்டன. ஆதாரில் என் தந்தை பெயர் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி. இவற்றை நோய் முற்றும்வரை விட்டுவைக்காமல், கொடையாளர் யாரென்று தெரியாத கட்டத்திலேயே சரிசெய்து வைப்பது நல்லது. பணத்தைப் பொறுத்தவரை, மதிப்பீடு இருவர் அறுவைக்கும் சேர்த்துத்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அரசு ஊழியர் காப்பீடு ஒரு பகுதியைத் தந்தது. மீதிக்குப் பொது வருங்கால வைப்பு நிதியும் என் நகைகளும் போயின. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்குக் கல்லீரல் மாற்றும் அடங்கும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை உண்டு. அனைவரும் கணக்கில் விடுவது கொடையாளரின் வருமான இழப்பு. மூன்று மாதம் பட்டறை பாதி இயங்கியது.

2023 செப்டம்பரில் ஒரே நாளில், ஒரே நேரத்தில், நான்கு அறுவைகள் நடந்தன. ஒரு பக்கம் முடிந்தபின் மறுபக்கம் யாரும் பின்வாங்கிவிடக் கூடாது என்பதால் இப்படி ஒரே நேரத்தில் செய்கிறார்கள். அறுவை அறைக்குள் போகும் முன், அந்த அம்மாளிடமும் என் கணவரிடமும் தனித்தனியே கடைசியாக ஒருமுறை, விருப்பமா என்று கேட்டார்கள். என் கணவருக்குப் பித்தக் கசிவு ஏற்பட்டு, வடிகுழாயோடு இரண்டு வாரம் இருந்தார். மூன்று மாதம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கவில்லை. கொடையாளர் நோயாளியல்லர் என்பதால் அவருக்கு யாரும் பழம் வாங்கிக்கொண்டு வரவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் கட்டிலைச் சுற்றியே நின்றார்கள். இரண்டு நோயாளிகளுக்கு இரண்டு தனித்தனித் துணையாள்கள் வேண்டும் என்பதை முன்பே திட்டமிடாதது எங்கள் பிழை.

பெண்களே கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அத்தனை நாள் பொருமிய எனக்குக் கடைசியில் கிடைத்ததும் ஒரு பெண் கொடுத்ததுதான். அந்த அம்மாளிடம், உங்களுக்கு மனப்பூர்வமான சம்மதம்தானா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். 'எங்க வீட்ல யாரும் என்னைக் கேக்கலீங்க. டாக்டரம்மாதான் கேட்டாங்க. அப்பத்தான் நான் சரின்னேன்' என்றார்.

இப்போது, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும். பன்னிரண்டு மணி இடைவெளி தவறக் கூடாது. மருந்தின் அளவு இரத்தத்தில் கூடினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, குறைந்தால் உடல் புதிய கல்லீரலை நிராகரிக்கும். அந்த அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும் என்பதால் பம்பளிமாஸ் பழம் கூடாது. நாகலூர் வீட்டுப் பின்புறத்தில் அந்த மரம் காய்த்துக் குலுங்குகிறது. சீந்தில் கொடி போன்ற, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மூலிகைகளும் எனக்கு ஆகாதவை. வலி மாத்திரை முதல் இருமல் மருந்து வரை எதையும் கேட்காமல் வாங்குவதில்லை.

சென்ற தை மாதம், இருபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு மலையேறினேன். வயிற்றில் நீர் இருந்த காலத்தில் அடிவாரத்தைத் தாண்ட முடிந்ததில்லை. தோட்டத்தில் காப்பிப் பழம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி மனைவி பால் காப்பி கொண்டுவந்து வைத்தாள். தம்பி திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் மிளகு விலையைப் பற்றியே பேசினான். நானும் மிளகு விலையைப் பற்றியே கேட்டேன். இருட்டிய பிறகு, பையிலிருந்து என் மாத்திரைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவன் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்க்காமலே அதை அணைத்துவிட்டு, 'எட்டாச்சு அக்கா' என்று தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினான்.